ட்ரிபிள் செவன் அண்ணா

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவருக்கு வெப்சைட் எதற்கு என்று கேட்கக் கூடாது. பக்கத்து மண்டிக்காரர் வைத்துவிட்டார். அதற்கு மேல் காரணம் வேண்டுமா? வைத்துத் தர ஓர் ஆளும் இருப்பார். டாலி போட்டுத் தருவார், சி.சி.டி.வி. மாட்டுவார், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுவார். வெப்சைட் அவருக்கு ராத்திரி வேலை. ஈரோடு என்று நான் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். பஸ் ஸ்டாண்டும் ஜெராக்ஸ் கடையும் உள்ள எந்த ஊரிலும் இவரைப் பார்க்கலாம். ஊர் வைத்த பெயர் வேறாக இருக்கலாம். நான் வைத்த பெயர் ட்ரிபிள் செவன் அண்ணா.

அண்ணா வெப்சைட் கட்டுவது பி.எச்.பி.யில். அது 1994-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதிக்கொண்ட சில்லறைக் கருவிகளிலிருந்து வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் சுலபமாகத் தொடங்கலாம் என்பது அதன் பெருமை. அண்ணா தொடங்கிவிட்டார்.

விலைப்பட்டியலும் விசாரணைப் படிவமும் உள்ள ஒரு ஸ்கிரிப்டை எங்கிருந்தோ ஜிப்பாக இறக்குவார். சி-பேனலில் ஏற்றி, பப்ளிக் ஹெச்.டி.எம்.எல். ஃபோல்டரில் பிரிப்பார். கூடவே 'ரீட் மீ' என்று ஒரு கோப்பு வரும். அதை முதலில் அழிப்பார். பிறகு டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு ஆகியவற்றை கான்ஃபிக் கோப்பில் எழுதுவார். பாஸ்வேர்டு எல்லா மண்டிக்கும் ஒன்றுதான். மறந்துபோனால் எந்த மண்டிக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

பக்கத்தைத் திறந்தால் வரும்: 500, இன்டர்னல் சர்வர் எரர்.

இங்கேதான் அண்ணாவின் முகத்தில் ஒரு களை வரும். எல்லாக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, பர்மிஷன் கட்டத்தில் 777 என்று தட்டுவார். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒரு 7, அவர் குழுவுக்கு ஒரு 7, மூன்றாவது 7 அந்த சர்வரில் குடியிருக்கும் மற்ற எல்லோருக்கும். வாசல், கொல்லை, பீரோ மூன்றையும் திறந்து போட்டுவிட்டு, சாவி தொலைந்த பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிற மாதிரி.

தீர்ந்தாலாவது பரவாயில்லை. பல ஷேர்டு ஹோஸ்டிங்குகளில் காவலுக்கு ஒரு நிரல் நிற்கும். கண்டவரும் எழுதக்கூடிய ஸ்கிரிப்டைப் பார்த்தால் அதை இயக்கவே மாட்டேன் என்று அது மறுத்துவிடும். மறுத்துவிட்டு உலாவியில் என்ன காட்டும்? 500, இன்டர்னல் சர்வர் எரர். 755-லும் 644-லும் ஒழுங்காக ஓடியிருக்க வேண்டியதையும் இவர் இப்படி நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, 777 போட்டும் வரவில்லை என்றால் வியாதி எவ்வளவு முற்றியிருக்க வேண்டும் பாருங்கள் என்று நமக்கே விளக்குவார்.

இத்தனைக்கும், என்ன கோளாறு என்று சர்வரே எழுதி வைத்திருக்கும். அதே ஃபோல்டரில் எரர் லாக் என்று ஒரு கோப்பு. எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், என்ன குறை, எத்தனை மணிக்கு என்று தேதி போட்டுச் சொல்லும். அண்ணா அதைப் பார்க்காதவர் அல்ல. வாராவாரம் பார்ப்பார். "இது வேற எடத்தை அடைக்குதுங்ணா" என்று அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

தமிழ் விஷயத்தில் அவருக்கு ஒரு முடிந்த முடிவு உண்டு: "தமிழ் போட்டா சர்வருக்கு ஆகறதில்லீங்ணா." சிரிக்க வேண்டாம், அனுபவத்தில் கண்டதுதான். விரலி, கிழங்கு என்று விலைப்பட்டியலில் இரண்டு சொல்லைச் சேர்ப்பதற்காகக் கோப்பை நோட்பேடில் திறந்து யு.டி.எஃப்-8 ஆகச் சேமித்தார். பழைய நோட்பேடு அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை வைத்துவிடும். பி.எச்.பி. அதையும் பக்கத்தின் உள்ளடக்கம் என்று நினைத்து முதலில் அனுப்பிவிட, பின்னால் வரவேண்டிய லாகின் தடுமாறி, 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று புலம்பும். தமிழ் சேர்த்தார், சைட் படுத்தது. தமிழை எடுத்துப் புதிதாக ஏற்றினார், எழுந்தது. இன்னொரு மண்டியில் டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துக் கணக்கில் கிடந்ததால் விரலி மஞ்சள் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தது. சாட்சி இரண்டு, வழக்கு முடிந்தது. இப்போது அவர் கட்டும் எல்லாத் தளத்திலும் தமிழ் ஜே.பி.ஜி. படமாகவே இருக்கிறது. விலை மாறினால் படம் மாற வேண்டும். படத்துக்குத் தனிக் கட்டணம்.

வாடிக்கையாளர் பொறுமையிழந்தால், தளத்தின் பெயரை சர்வரின் முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். மேல் பழி வரும். "பரவிக்கிட்டு இருக்குதுங்ணா. இருவத்திநாலுலிருந்து நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகும். அமெரிக்காலேயே அப்படித்தானுங்." சி-பேனலில் ஒரு பதிவின் ஆயுள் வழக்கமாக 14,400 நொடி, அதாவது நாலு மணி நேரம். மீதி நேரம் அண்ணா தூங்க.

கெட்டவர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தான் கை வைத்த எதையும் தூக்கிப் போடமாட்டார். ஒரு கோப்பைத் திருத்துவதற்கு முன் இன்டெக்ஸ் ஓல்டு, இன்டெக்ஸ் நியூ, ஃபைனல், ஃபைனல் டூ என்று தலைமுறைகளைக் காப்பாற்றுவார். கான்ஃபிக் கோப்புக்கும் பின்னால் 'பேக்' என்று ஒட்டி ஒரு பிரதி வைப்பார். பி.எச்.பி. என்று முடியும் கோப்பைத்தான் சர்வர் இயக்கும். பேக் என்று முடிந்தால் சாதா எழுத்து என்று எண்ணி, கேட்டவருக்கு அப்படியே வாசித்துக் காட்டிவிடும், அந்த ஒரே பாஸ்வேர்டு உட்பட.

ஒருநாள் ஹோஸ்டிங்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக பி.எச்.பி.யின் புதிய பதிப்புக்கு மாறினார்கள். அண்ணாவின் ஸ்கிரிப்டுகள் டேட்டாபேஸோடு பேசிக்கொண்டிருந்த பழைய கட்டளைகள் 2015 இறுதியில் வந்த பி.எச்.பி. 7-லேயே நீக்கப்பட்டவை. விடிந்தால் ஈரோட்டு மண்டிகள் அத்தனையும் வெள்ளைப் பக்கம். 777 போட்டார். டி.என்.எஸ். சொன்னார். கடைசியில் சி-பேனலில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. 5.6-ஐத் தேர்ந்தெடுத்தார். பாதுகாப்புத் திருத்தங்கள் 2018-ஓடு நின்றுபோன பதிப்பு அது. எல்லாச் சைட்டும் எழுந்து உட்கார்ந்தன.

"என்ன தம்பி கோளாறு?" என்றார் மண்டிக்காரர்.

"புதுசாக்கி உட்டுட்டாங்கங்ணா. நான் பழசாக்கிட்டேன்."

மண்டிக்காரர் கல்லாவைத் திறந்து ஐந்நூறு ரூபாய் எடுத்தார்.