கிளேபாங் திணைமயக்கம்: வசதியான புறநகர் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: ஓர் ஊரை வசதியான ஊர் என்று எதைக் கொண்டு சொல்வது? கேட்டின் உயரத்தையா, உள்ளே நிற்கும் கார்களையா, கேட்டுக்குப் பின்னாலிருந்து நாய் குரைத்ததும் நாம் எடுக்கும் ஓட்டத்தையா? மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் போகும் வழியிலுள்ள கிளேபாங்கை முன்வைத்து இக்கட்டுரை விடை தேடுகிறது.

ஆய்வுமுறை: மூன்று ஞாயிறு மாலைகள், ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் என் பாட்டி. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். ஆய்வு நிதி அவர் சுருக்குப்பையிலிருந்து பெறப்பட்டது.

முதற்பொருள்: 1896-ல் புக்கிட் லிந்தாங்கில், தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதன்பின் மலாக்காவில் பணம் பாலாக வடிந்தது. வடித்தவர்களில் பலர் தமிழர்கள். வடிந்ததைச் சேர்த்தவர்கள் பங்களா கட்டினார்கள். கிளேபாங்கின் பழைய தவுக்கே (சீன முதலாளி) பங்களாக்கள் கடலுக்கு முகம் காட்டி நின்றவை. பிற்காலத்தில் கடலை மணல் கொட்டித் தூர்த்தார்கள். கடல் விலகிப் போனது. பங்களா இருந்த இடத்திலேயே இருந்தது.

இது எந்தத் திணை? நெய்தல் திரிந்து பாலையாயிற்று என்பது என் கட்சி. கொட்டிய மணல் குன்றுகளாகி, கல்யாண ஜோடிகள் பாலைவனம்போல் நின்று படம் எடுத்துக்கொண்டதே சான்று. தொல்காப்பியர் நெய்தலையே பெருமணல் என்றுதான் குறித்தார், ஆகவே எதுவும் மாறவில்லை என்று எதிர்க்கட்சி வாதிடலாம். அவ்வாறு வாதிடுவோர் அங்கே வீடு வாங்கியிராதவர்கள்.

உரிப்பொருள்: நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. இங்கே இரண்டும் உண்டு. வீடு தலைவி, கடல் தலைவன். நிலத்துக்கு விலை உண்டு, அலைக்கு இல்லை என்பதால் இதைப் பொருள்வயின் பிரிவு என்று வகைப்படுத்துவதில் தடையில்லை. பாலில் தொடங்கிய வசதி பாலையில் முடிந்தது என்பது சொற்பிறப்பியலுக்கு நாம் அளிக்கும் சிறு கொடை.

கருப்பொருள்: மரம், தென்னை. உணவு, ஐஸ்கிரீம் மிதக்கும் தேங்காய் ஷேக். பறை, கார் ஹாரன். தொழில், பார்க்கிங் தேடுதல். விலங்கு, மேலே சொன்ன நாய்.

சிறப்புச் சான்று: 1978-ல் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்த உவெசான் என்ற நீர்மூழ்கிக் கப்பல், சுமார் 67 மீட்டர் நீளம், இப்போது கிளேபாங்கில் அருங்காட்சியகம். கடலுக்கென்றே பிறந்து தரையில் குடியேறிய அது, பங்களாக்களின் மனநிலையை முழுமையாக அறிந்த ஒரே அண்டை வீடு.

முடிவு: கடலோர முகவரி விலைக்குக் கிடைக்கும், கடல் அதில் அடங்காது. மூன்றாம் ஞாயிறு, மணலைக் கடந்து அலை ஓரத்தில் நின்றோம். பாட்டி ஷேக்கை உறிஞ்சியபடி திரும்பிப் பார்த்தார்.

"அந்த வீட்டுக்காரங்க கடலப் பாக்கணும்னா எங்கய்யா வரணும்?"

"இங்கதான் பாட்டி."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு. வந்தா பாவம், அவங்களுக்கும் எடம் வேணும்ல."