பதினைந்தாவது வளைவு

பூப்பாறையில் அத்தை வீடு. போடியிலிருந்து மலையேறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் போடிமெட்டு, தாண்டினால் இடுக்கி. அப்பாவின் அம்பாசிடர் ஒருதடவைகூட நிற்காமல் அந்த ஏற்றத்தைக் கடந்ததாக எனக்கு நினைவில்லை.

சித்திரை வெயிலில் இரண்டாவது கியரில் இழுத்து ஏறும்போது, என்ஜின் சூட்டில் ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை பம்ப்பால் தள்ள முடியாது. வண்டி இருமி நின்றுபோகும். அப்பா சக்கரத்துக்குக் கல் வைப்பார், பானெட்டைத் திறப்பார், துண்டை நனைத்து பம்ப்பின் மேல் சுற்றுவார். நாங்கள் குரங்குகளுக்குக் கடலை போட்டு முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பது, கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதுவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது எல்லாம் அவருக்குக் கைவந்தவை.

ஒருநாள் பதினோராவது வளைவில் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். அப்பா அந்த நொடியே என்ஜினை அணைத்தார். பானெட்டைத் தொடவே இல்லை. "பேரிங் சத்தம். இதுல நாம கை வைக்கக் கூடாது" என்றார். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போய்த் திரும்பிய ஜீப்பில் போடிக்குச் சொல்லி அனுப்பினார். மெக்கானிக் வரும்வரை நான்கு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். கிராங்க் ஷாஃப்ட் தப்பியது. அவரிடம் நான் கற்றிருக்க வேண்டியது அந்த நான்கு மணி நேரத்தைத்தான்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இன்றைய காரில் கார்புரேட்டரும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கிறது. என் காரில் சூடு காட்டும் முள்கூடக் கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும். போன வருஷம் பதினைந்தாவது வளைவில் அது எரிந்தது. இன்னும் இரண்டு வளைவுதானே, மேட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன்.

ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. தண்ணீர் போன என்ஜினில் அலுமினிய ஹெட் சில நிமிடங்களிலேயே வளைந்துவிடும். போடியிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி ஸ்கேனரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆயில் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே பால் டீ நிறத்தில் நுரை.

"விளக்கு எரிஞ்சதுமே நிப்பாட்டியிருந்தா ஹோஸோட போயிருக்கும்ணே."

அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறக்கலையே?" என்றார்.

"இல்லப்பா."

"சரி, கல்லு வச்சியா?"