கோமளாவின் தூக்கு

எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. மூடியில் 'கோமளா 1983' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் கோமளா என்று யாரும் கிடையாது.

திருவல்லிக்கேணியில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரு அடிபம்பு என்றிருந்த வீட்டில், கோமளா அத்தை எங்கள் பக்கத்துப் போர்ஷன். அவர்கள் குடிவந்த அன்று பால் பொங்கி அடங்குவதற்குள் அம்மாவின் சாம்பார் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். சாம்பாருக்கு அதிரசம், அதிரசத்துக்கு வடாம், வடாமுக்கு மாவடு என்று, யார் யாருக்குக் கடன் என்றே தெரியாமல் பதினோரு வருஷம் ஓடியது. வெள்ளிக்கிழமைதோறும் 'ஒளியும் ஒலியும்' பார்க்க அவர்கள் வீட்டுத் தரையைத் தேய்த்தது தனிக்கணக்கு. நாங்கள் காலி செய்த அன்று தூக்கு எங்கள் பக்கம் இருந்தது.

அது பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எங்களுக்கு வரும் கடிதங்களை எங்களுக்கு முன்னால் படித்துவிடுபவரும் கோமளா அத்தைதான்.

இப்போது பள்ளிக்கரணையில், அடுக்ககத்தின் நான்காவது மாடி. எதிர்வீட்டுக்காரர் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, மொட்டைமாடியில். அதற்குள் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரண்ட் வந்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அவர் காலி செய்துவிட்டுப் போக, போன மாதம் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். "அடுப்பு பத்தவச்சாங்களோ என்னவோ" என்று எண்பதைத் தொடும் அம்மா சேமியாப் பாயசம் வைத்து, கோமளாவின் தூக்கில் ஊற்றி, என்னிடம் கொடுத்தாள்.

அழைப்பு மணியில் கேமரா. மணியே பேசியது: "அங்கேயே வச்சிட்டுப் போங்கண்ணா. ஓடிபி சொல்லணுமா?"

"நான் எதிர்வீடு" என்றேன் கதவிடம்.

"நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்றது கதவு.

வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் தூக்கின் படம். 'எங்கள் வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கிறது, யாருடையது?' ஒருவர் சிசிடிவி பார்க்கச் சொன்னார். இன்னொருவர் யாரும் தொட வேண்டாம் என்றார். செயலாளர் படத்தைப் பெரிதாக்கி மூடியைப் படித்துவிட்டு, 'நம் பிளாக்கில் கோமளா என்று எவரும் இல்லை' என்று அறிவித்தார். என்னுடையதுதான் என்று எழுதினேன். 'பெயர் ஒத்துப்போகவில்லையே சார்' என்றார்.

கடைசியில் தூக்கை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்தார்கள். கீழே போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கழுவித் துடைத்துப் பளபளவென்று காலியாக இருந்தது. "நல்லா இருந்துச்சு சார், ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல்" என்றார் செக்யூரிட்டி.

வெறும் தூக்கோடு அம்மா முன்னால் போய் நிற்க முடியுமா? வாசல் கடையில் கால் கிலோ சர்க்கரை வாங்கி, அதில் கொட்டிக்கொண்டு மேலே போனேன்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"பரவாயில்லையேடா, முறை தெரிஞ்ச பிள்ளைங்களாத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கு அடை வார்க்கிறேன், கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."