பனிக்கோடரிக்கு வில்லங்கச் சான்று

பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்கத் தோன்றும். கோயிலில் பிரசாதம் வாங்கினால்கூடத் தொன்னையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். ஓய்வு பெற்று ஜெனீவாவில் மகள் வீட்டுக்குப் போனபோது, இந்த வியாதியும் விசா வாங்காமலே கூட வந்துவிட்டது.

ஜெனீவாவில் பிளான்பாலே என்று ஒரு மைதானம். புதனும் சனியும் அங்கே பழைய சாமான் சந்தை கூடும். மூடியில்லாத டீபாட், முள்ளில்லாத கடிகாரம், இவற்றுக்கு நடுவே அது கிடந்தது. நீண்ட மரப்பிடி. அடியில் கடப்பாரை போல ஒரு கூர். தலையில் ஒரு பக்கம் கழுகு மூக்கு, மறுபக்கம் களைக்கொத்து. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் கலப்புத் திருமணம் நடந்து பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது.

“பனிக்கோடரி மாமா. பனி மலை ஏறுறவங்க படி வெட்டிக்கிட்டுப் போக” என்றார் மாப்பிள்ளை.

கடைக்காரர் பிரெஞ்சில் பொழிந்தார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். அவருடைய தாத்தா ஷாமொனியில் மலை வழிகாட்டியாம். இந்தக் கோடரியோடு மோன் பிளாங்குக்கு எத்தனை தடவை போனார் என்று கணக்கே கிடையாதாம். கேட்கக் கேட்க எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. “எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்க அனுபவத்துல இருக்குற சொத்துங்க” என்பவரிடம் பெரும்பாலும் ஒரு காகிதமும் இருக்காது. இருந்தாலும் 60 பிராங்கை 45-க்குப் பேசி வாங்கினேன். கொசுறாக நாலு பாறை ஆணியும், கயிற்றில் கோத்த ஒரு பெரிய நட்டும் தந்தார்.

“நாலாயிரத்துக்கு மேலயா! இதுக்கு நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு வாங்கியிருக்கலாம்” என்றாள் மனைவி. பிறகு துருப்பிடித்த பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, நான் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் கோடரித் தலைக்குப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

எழுந்து பார்த்தால் வெண்கலப் பானை மாதிரி ஜொலிக்கிறது. துருவுக்குள் ஒளிந்திருந்த எழுத்துகளும் வெளியே வந்திருந்தன. ஷ்டூபாய். மேட் இன் ஆஸ்திரியா. ஷாமொனித் தாத்தா அங்கேயே காலி. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: நங்கா பர்பத்.

எனக்கு வியர்த்துவிட்டது. 8,126 மீட்டர் மலை. 1953-இல் ஹெர்மன் புஹ்ல் என்ற ஆஸ்திரியர் தன்னந்தனியாக அதன் உச்சியைத் தொட்டவர். தன் பனிக்கோடரியை உச்சியிலேயே விட்டுவிட்டுத் திரும்பியவர். இங்கே ஓர் ஆஸ்திரியக் கோடரி, நெற்றியில் நங்கா பர்பத் என்று எழுதிக்கொண்டு, கும்பகோணத்துக்காரன் மடியில் கிடக்கிறது! அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மியூசியத்துக்குக் கொடுப்பதா, ஏலம் விடுவதா என்பதில் எனக்கும் எனக்கும் தகராறு.

மறுநாள் மாப்பிள்ளையின் ஆபீஸிலிருந்து ஒரு பெரியவர் சாப்பிட வந்தார். இளமையெல்லாம் மலையில் கழித்தவர். கோடரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பரவசம் என்று நினைத்தேன். புளி போட்டுத் தேய்த்த துக்கம் அது. பழசு என்பதற்கு அந்தக் கறுப்புதான் சாட்சியாம். அது போனால் விலையில் பாதி போச்சாம். மனைவி அவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

நங்கா பர்பத் விஷயத்தை மெதுவாக எடுத்தேன். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். புஹ்லின் கோடரி 46 வருஷம் உச்சியிலேயே கிடந்தது. 1999-இல் ஜப்பானியர்கள் எடுத்து வந்து அவருடைய மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். என் கையில் இருப்பதில் ‘நங்கா பர்பத்’ என்பது மாடலின் பெயர். டைரோலில் ஃபுல்ப்மெஸ் கிராமத்துக் கொல்லர்கள் 1897-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கு. கடைகடையாக விற்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. காவேரிக்கும் மனைக்கும் நாற்பது மைல் இருக்கும். மனை விற்கிறவன் அதற்குக் காவேரி நகர் என்று பெயர் வைப்பான். என் கையாலேயே எத்தனை பதிந்திருக்கிறேன்!

என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். செய்தவன் முத்திரை வேறு, வைத்திருந்தவன் அடையாளம் வேறு என்று ஒரு கதை சொன்னார். 1924-இல் மலோரியும் இர்வினும் எவரெஸ்டில் காணாமல் போனார்கள். 1933-இல் வின் ஹாரிஸ் என்பவர் சுமார் 8,460 மீட்டர் உயரத்தில் ஒரு பனிக்கோடரியைக் கண்டெடுத்தார். இரும்பில் டேஷ் என்ற கிராமத்துக் கொல்லர் வில்லிஷின் முத்திரை இருந்தது. அதை வைத்து இருவரில் யாருடையது என்று எப்படிச் சொல்வது? ஆனால் மரப்பிடியில் மூன்று வெட்டுக் கோடுகள். 1962-இல் இர்வின் குடும்பத்தார் அவருடைய பழைய கைத்தடி ஒன்றைக் கண்டார்கள். அதிலும் அதே மூன்று கோடு. 2024-இல் அந்த மலையின் பனியாற்றில் ஒரு பூட்ஸ் கிடைத்தபோது தேடவே வேண்டியிருக்கவில்லை; காலுறையில் ஏ.சி. இர்வின் என்று பெயர் தைத்திருந்தது.

“இதைத்தானே நான் எவர்சில்வர்ல பண்றேன்” என்றாள் மனைவி. உண்மைதான். டம்ளரின் அடியில் இருப்பது கம்பெனி முத்திரை. பக்கவாட்டில் பெயர் வெட்டியிருந்தால்தான் அது நம் டம்ளர். அப்படி வெட்டியும் எங்கள் வீட்டில் பாதி டம்ளர்கள் எஸ்.ஆர்.கே. என்ற யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது தனிக்கதை.

பெரியவர் ஆணிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். நாலும் டொக் என்றன. மெத்து இரும்பு, ஐரோப்பியச் சரக்கு, அடித்தால் இடுக்குக்குத் தக்கபடி வளைந்து அங்கேயே குடியிருந்துவிடும் என்றார். டிங் என்றிருந்தால் அமெரிக்காவாக இருக்கலாமாம். யோசெமிட்டியின் கிரானைட் சுவர்களில் நாள்கணக்கில் ஏற வேண்டும். அடித்த ஆணியையே பிடுங்கி மேலே மறுபடி அடிக்க வேண்டும். சுவிட்சர்லாந்திலிருந்து போய்க் குடியேறிய ஜான் சலாத்தே என்ற கொல்லர்தான் 1940-களில் அதற்குக் கடின எஃகில் ஆணி செய்தவர். பழைய ஃபோர்டு கார் அச்சில் செய்தார் என்று ஒரு கதையும் உண்டு. 1957-இல் இவான் ஷுய்னார்ட் பழைய உலை ஒன்றை வாங்கி, தானே கொல்லு வேலை கற்றுக்கொண்டு, ஆணி ஒன்று ஒன்றரை டாலருக்கு விற்றார். அவருடைய முத்திரை, சீட்டுக்கட்டு டைமனுக்குள் ஒரு ‘சி’. 1989-இல் அவருடைய கம்பெனி திவால் மனு போட்டது. ஊழியர்கள் வாங்கி பிளாக் டைமண்ட் என்று பெயர் வைத்தார்கள். கதையிலேயே எனக்குத் தெளிவாகப் புரிந்த இடம் இதுதான். பட்டா பெயர் மாற்றம்.

கடைசியாக அந்த நட். கொசுறுதானே என்று நான் காட்டவே இல்லை. பேரன் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். பெரியவர் அதை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே மரை இல்லை. யாரோ அரத்தால் ராவி வழுவழுப்பாக்கியிருந்தார்கள். கயிற்றை மரை அறுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. வேல்ஸில் ஒரு பாறைக்குப் போகும் வழியில் ஸ்னோடன் மலை ரயில் பாதை. தண்டவாளத்தோரம் கிடந்த நட்டுகளை மலையேறிகள் பொறுக்கிப்போய், கயிற்றில் கோத்துப் பாறை இடுக்கில் செருகினார்கள். கடைகளில் அதற்கென்றே செய்து விற்றது 1960-களில்தான். பை முழுக்க நான் வாங்கி வந்ததில் அவர் ஆசையோடு பார்த்தது இது ஒன்றைத்தான். முத்திரை கிடையாது, பெயர் கிடையாது, ரயில்வேயில் பொறுக்கியதா, இரும்புக் கடையில் வாங்கியதா, யாராலும் சொல்ல முடியாது. தாய்ப்பத்திரமே இல்லாத சொத்து. அவருக்கே கொடுத்துவிட்டேன்.

கோடரி மட்டும் ஊருக்கு வந்தது. விமானத்தில் அதற்குக் கட்டிய கூடுதல் சாமான் கட்டணத்தை மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டு ரிட்டயர்ட் தாசில்தார் வந்தார். அண்ணாந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நங்கா பர்பத்தா! சார், இது அந்த மலைக்குப் போன கோடரியா?”

பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது பதிவாளர் வேலை இல்லை.

“என்ன எழுதியிருக்கோ, அதுதான் சார்” என்றேன். “காபி சாப்பிடறீங்களா?”