மிச்சம் 1.9 சதவீதம்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையில் கல் இறாலை நிர்வகிக்கிறார்கள். நம்புங்கள். துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, விஞ்ஞானிகள் குழு இருக்கிறது, பருவத்துக்கு இத்தனை டன் என்று ஒதுக்கீடும் இருக்கிறது. இறால்தான் இல்லை. மனிதன் கைவைக்குமுன் கடலில் இருந்ததில் 1.9 சதவீதம்தான் மிச்சம் என்றது அவர்களுடைய சொந்தக் கணக்கு.

1990களின் தொடக்கத்தில் இறாலின் வளர்ச்சி குன்றியது. அளவு தேறாமல் கடலில் திருப்பி எறிபவை செத்துப்போகின்றனவே என்று கவலைப்பட்டார்கள். கவலைக்கு மருந்து? 89 மில்லிமீட்டர் ஓடு இருந்தால்தான் பிடிக்கலாம் என்ற விதி, படிப்படியாக 75க்கு இறங்கியது. இறால் வளரவில்லையா? அளவுகோலை வெட்டு. பையன் தேறவில்லை என்றதும் பாஸ் மார்க்கைக் குறைக்கும் பள்ளிக்கூடம்.

கண்காணிப்பு? அதுவும் உண்டு. ஹவுட் பே துறைமுகத்தில் ஆர்னால்ட் பெங்கிஸ் என்ற முதலாளி 1987 முதல் 2001 வரை ஒதுக்கீட்டுக்கு மேல் அள்ளி அமெரிக்காவுக்கு ஏற்றினார். எடை பார்க்க வேண்டிய ஆய்வாளர்கள் பணம் பார்த்தார்கள். சொந்த நாடு அபராதத்தோடு விட்டது. சிறைக்கு அனுப்பியது நியூயார்க் நீதிமன்றம். திருட்டு இறாலை வாங்கித் தின்ற நாட்டுக்கு வந்த கோபம்கூட, பறிகொடுத்த நாட்டுக்கு வரவில்லை.

2017-18 பருவம் வந்தது. 790 டன்னுக்கு மேல் வேண்டாம் என்றார்கள் விஞ்ஞானிகள். அதிகாரிகள் 1,924 டன் என்று எழுதினார்கள். எப்படி வந்தது இந்த எண்? போன வருஷ எண். அவ்வளவுதான் ஆராய்ச்சி. கேட்டால், மீனவர் பிழைப்பு என்றார்கள். ஏழையின் வயிறு இவர்களுக்கு நினைவுக்கு வருவது இப்படிப்பட்ட நேரங்களில் மட்டும்தான். பெங்கிஸ் அள்ளியபோது அதே ஏழைக்கு வயிறு இல்லையா?

இயற்கைப் பாதுகாப்புக்கான டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பு வழக்குப் போட்டது. அந்த ஒதுக்கீடு சட்டவிரோதம் என்று நீதிபதி ஓவன் ராஜர்ஸ் தீர்ப்பளித்தார். தேதி 2018 செப்டம்பர் 26. அந்தப் பருவத்து இறால் அதற்குள் தட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த பருவத்துக்கு 1,084 டன். பிறகு 837. 2021-22இல் 600. அன்று 790 போதாது என்ற அரசுதான் இதற்கும் கையெழுத்திட்டது. யாருடைய பிழைப்பைச் சொல்லி 1,924 எழுதினார்களோ, அந்தச் சிறு மீனவனிடமே அப்போது, இருக்கிற 600ஐப் பங்கு போட்டுக்கொள் என்றார்கள்.