பந்தை விட்டாலும் பரோட்டாவை விடாதே

வா மக்கா, உக்காரு. கால்ல சேறு இல்லேல்லா? திண்ணையை இப்பம்தான் உங்க ஆச்சி தூத்துட்டுப் போனா. உங்கம்மை போன்ல எல்லாம் சொல்லிட்டா. சினிமாக்காரன் உன்னைக் கூப்பிட்டிருக்கான். விளையாட்டுப் படம். டீம்ல நீயும் ஒரு ஆளு. நல்லதுலே. தெப்பக்குளத்தைச் சுத்தி ரப்பர் பந்து எறிஞ்சு எத்தனை வீட்டு ஓட்டை உடைச்சிருக்கே, அதுக்கு ஒரு கூலி கிடைக்காண்டாமா? ஆனா பஸ் ஏறுகதுக்கு முன்னால இந்தக் கெழவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போ. நான் நடிச்சது கெடையாது. ஆனா மார்கழித் தேருக்கு வடம் புடிச்சவனைவிட ஓரமா நின்னு பாத்தவனுக்குத்தான் தேரு எந்தப் பக்கம் சாயும்னு தெரியும்.

டைரக்டரு பேஸ்பால் படமாப் பாத்துட்டு வரச் சொன்னாராமே. அதான் ஒரு வாரமா ராத்திரி டிவியும் நீயும் முழிச்சிருந்தியோ. நானும் ஒரக்கம் வராம கட்டில்ல கெடந்து பாத்தேன்லா. ஒண்ணும் சொல்லல, பாத்துக்கிட்டே கெடந்தேன்.

நமக்கு பேஸ்பால் புதுசுன்னு நெனைக்காதே. நம்ம தமிழ்ப் படத்துல அந்த மட்டை வராத வருஷம் உண்டுமா? வில்லன் ஜீப்பு வந்து நிக்கும், பத்து தடியன் இறங்குவான், ஆளுக்கொரு பேஸ்பால் மட்டை. மட்டையை இத்தனை தடவை பாத்தாச்சு, பந்தை ஒரு தடவை பாத்திருக்கியா? நானும் பாதி காலம் அது அடியாளுக்குன்னே தச்சன் செதுக்குக கம்புன்னுதான் நெனைச்சேன். பொறவு பாத்தா அமெரிக்காக்காரன் அதை வச்சுப் பந்தையும் அடிக்கான்!

நேத்து முந்தின நாளு பாத்தோம்லா, சோளக்கொல்லைப் படம். 1989-ல வந்த ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’. கெவின் காஸ்ட்னர் சம்சாரி. கடன்ல கெடக்கான். ஏதோ அசரீரி கேட்டுதுன்னு, பச்சைப் பசேல்னு நிக்க சோளத்தை டிராக்டரை விட்டு அழிச்சு மைதானம் போடுகான். நீ வாயைப் பொளந்து பாத்தே. எனக்கு வயிறு எரிஞ்சுது மக்கா. கும்பப்பூ அறுக்கப் பத்து நாள் இருக்கையில நம்ம பத்துல எவனாவது அப்பிடிச் செய்வானா? செஞ்சா அசரீரி கேக்காது, உங்க ஆச்சி குரல்தான் கேக்கும். படம் முடியுகப்போ செத்துப்போன அப்பன் வாறான், மகன்கூடப் பந்து பிடிச்சு விளையாடுகான். உனக்குக் கண்ணுல தண்ணி. நான் வயலை அழிச்சிருந்தா எங்க அப்பனும் வந்திருப்பாரு, சந்தேகமே இல்ல. கையில வாரியலோட வந்திருப்பாரு.

இப்பம் நாலு வயலுக்கு ஒரு வயலு பிளாட்டு போட்டு நிக்குல்லா, அசரீரி கேட்டுத்தான் போடுகாவளோ என்னவோ. சவத்தை விடு, அது வேற கதை.

அதே படத்துல ஒரு விஷயம் நீ கவனிக்கல. ஷூலெஸ் ஜோ ஜாக்சன்னு செத்துப்போன ஆட்டக்காரன் சோளத்துக்குள்ள இருந்து வாறான்லா, அந்த ஆளு நெசத்துல இடக்கை மட்டைக்காரன். 1919-ல சூதாட்டத்துல ஆட்டத்தை வித்ததாச் சொல்லி ஆயுசுக்கும் விலக்கி வச்ச எட்டுப் பேர்ல ஒருத்தன். அவனா நடிச்ச ரே லியோட்டா வலக்கையில மட்டையைப் பிடிச்சு நிக்கான்! செத்தவனைக் கொண்டாந்தாவ, கையை மாத்திக் கொண்டாந்துட்டாவ. உனக்குச் சந்தோசம் பாத்தியா? தப்பாப் பிடிச்சாலும் அழுகவன் அழத்தான் செய்வான்.

அதுக்கும் முன்னால, 1942-ல, லூ கெரிக்னு ஒரு பெரிய ஆட்டக்காரன் கதையைப் படம் எடுத்தாவ. கெரிக் இடக்கை. நடிச்ச கேரி கூப்பரு வலக்கை. ஆனா அதே படத்துல பேப் ரூத்துன்னு கெரிக்கோட சேந்து ஆடின மகா பெரிய ஆளு, அவன் வேஷத்தை அவனே போட்டிருக்கான். விளையாடத் தெரிஞ்சவனும் நடிக்கத் தெரிஞ்சவனும் பக்கத்துல பக்கத்துல நிக்கான். போஸ்டர்ல யாரு மூஞ்சி பெரிசுங்க? கூப்பரு மூஞ்சிதான். இதை மனசுல வச்சுக்கோ, பொறவு வேணும்.

‘புல் டர்ஹாம்’ மட்டும் எனக்குக் கொள்ளாம்னு பட்டுது. 1988-ல வந்தது, அதுலயும் காஸ்ட்னர்தான். டைரக்டர் ரான் ஷெல்டன் சின்ன டீம்கள்ல நெசமாவே பேஸ்பால் ஆடினவராம். அதான் பஸ்ல தூங்கி வழியுகதும், பந்து எறியுகவன்கிட்ட நடுமைதானத்துல கூடிநின்னு ஊர்க்கதை பேசுகதும் அப்பிடியே இருக்கு. ஆடினவனுக்குத்தான் தெரியும், ஆட்டத்துல முக்கால்வாசி நேரம் சும்மா நிக்கதுதான்னு. நீ நிக்கதுல கெட்டிக்காரன், அந்த வேஷம் உனக்குப் பொருந்தும்.

சரி, நம்ம நாட்டுக் கதைக்கு வாறேன். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’, 2014. மியூசிக் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். அமெரிக்காவுல ஜே.பி.பெர்ன்ஸ்டைன்னு ஒரு ஏஜென்டு, ஆட்டக்காரன்மாருக்கு விலை பேசிக் குடுக்க தொழிலு. நம்ம சந்தையில மாட்டுத் தரகு பாக்கான்லா, துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு, அவனேதான். இவன் கோட்டு போட்டிருக்கான், அவ்வளவுதான். இந்தியாவுல இத்தனை கோடிப் பேரு கிரிக்கெட்டு பந்து எறியுகானே, இதுல ரெண்டு பேரு பேஸ்பாலுக்குத் தேற மாட்டானான்னு வந்து போட்டி நடத்தினான். 2008-ல ரெண்டு பயலுவ தேறினானுவ. ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பயலுவ. கூத்தைக் கேளு: ரெண்டு பேரும் கிரிக்கெட்டு ஆட்டக்காரன் இல்ல, ஈட்டி எறிஞ்சவனுவ! வெள்ளாட்டுக்கு வந்த தரகன் எருமையைப் பிடிச்சுட்டுப் போனான். அந்த வருஷ முடிவுல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ரெண்டு பேரையும் ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கிட்டுது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலுக்கு இந்தியாவுல இருந்து போன முதல் ஆளுவ இவனுவதான். பேரு பத்து லட்சம் டாலர் கை, ஜெயிச்ச ரிங்குவுக்குக் கிடைச்சது ஒரு லட்சம் டாலர். பேருக்கும் கைக்கும் நடுவுல எப்பவும் அந்த இடைவெளி இருக்கும், உன் சம்பளத்துலயும் இருக்கும்.

படத்துல ரிங்குவா வந்தது சூரஜ் சர்மா, ‘லைஃப் ஆஃப் பை’ல புதுச்சேரிப் பயலா வந்து புலியோட படகுல கெடந்தான்லா, அவன். எறியுகதுக்கு முன்னால ஒத்தக்கால்ல நிப்பான், நம்ம தேரூர்க் குளத்துல நாரை நிக்குமே அந்த மாதிரி. நல்லாத்தான் நின்னான். ஆனா படம் யாரைப் பத்தினது? எறிஞ்ச பயலுவளைப் பத்தியா? தரகனைப் பத்தி மக்கா! தரகனுக்குக் கடன், தரகனுக்குக் காதல், தரகன் மனசு மாறுகான். ஜான் ஹாம்தான் ஹீரோ. பயலுவ ரெண்டு பேரும் லிப்டைப் பாத்துப் பயந்து, பீட்சாவைப் பாத்து முழிச்சு, அவன் மனசு மாறுகதுக்கு ஊறுகாயா இருக்கானுவ.

நெசத்து ரிங்கு பொறவு கையில அடிபட்டு, பேஸ்பாலை விட்டு, 2018-ல மல்யுத்தக் கம்பெனியில சேந்தான். வீர் மகான்னு பேரு. நெத்தியில பட்டை பட்டையாத் திருநீறு. அதைப் பாத்தப்போ இந்தச் சுசீந்திரத்துக்காரனுக்கு ஒரு சந்தோசம், ஸ்தாணுமாலயன் சன்னதியில இருந்து நேரா ஏறிப் போன மாதிரி இருந்தான்.

இப்பம் அந்தத் தினேஷா நடிச்ச பயலைக் கவனி. மதுர் மிட்டல், ஆக்ராக்காரன். ஒம்பது வருஷம் கழிச்சு, 2023-ல, அவன் யாரா வந்தான் தெரியுமா? இலங்கைக் கிரிக்கெட்டுல பந்து போட்ட முத்தையா முரளிதரனா! ‘800’ படத்துல. முதல்ல நம்ம விஜய் சேதுபதிதான் நடிக்கதா இருந்துது. 2020-ல பெரிய எதிர்ப்பு, முரளியே வேண்டாம்னு கேட்டுக்கிட, அவரு விலகிட்டாரு. கண்டித் தமிழனா நடிக்க ஆக்ராவுல இருந்து ஆளு வந்தாச்சு. அந்தச் சண்டையில யாரு பக்கம் நியாயம்னு இந்தத் திண்ணையில தீராது, கோமதியா டீக்கடையில போயி கேளு, நாலு நியாயம் கிடைக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேற இடத்துல. ஒரே பயலு, ஒரே கை. ஒரு படத்துல முழங்கையை மடக்கி எறி எறின்னு எறிஞ்சான், அமெரிக்காவே கை தட்டுது. இன்னொரு படத்துல முழங்கை மடங்குதுன்னு சொல்லி ஆஸ்திரேலியாவே கூவுது. 1995 டிசம்பர் 26, மெல்பர்ன், அம்பயர் டாரல் ஹேர் ஒரே நாள்ல ஏழு தடவை கையை நீட்டி நோ-பால்னான். பொறக்கும்போதே நிமிராத முழங்கை முரளிக்கு. பொறவு டாக்டருமாரு கேமராவை வச்சு அளந்தான், 2004-ல கையில இரும்புப் பட்டை கட்டி டிவிக்காரன் முன்னால பந்து போட்டுக் காட்டினாரு முரளி. கடேசியில பதினஞ்சு டிகிரி வரை யாரு வேணும்னாலும் மடங்கின முழங்கையை நிமித்திக்கலாம்னு சட்டத்தையே மாத்தினாவ. 2010 ஜூலையில காலியில கடேசிப் பந்துல எண்ணூறாவது விக்கெட்டு.

கையைச் சோதிக்கதை நமக்கு எவனாவது சொல்லிக் குடுக்கணுமா? கோயிலுக்குள்ள கைமுக்கு நடந்த ஊருலே இது! நம்பூதிரி மேல பெண் விவகாரத்துல சந்தேகம் வந்தா, மலையாளத்துல இருந்து இங்க கூட்டிட்டு வருவாவ. கொதிக்க நெய்யில கையை முக்கணும். கட்டுப் போட்டு மூணு நாளு கழிச்சு அவிழ்த்துப் பாப்பாவ. வெந்திருந்தா குத்தவாளி, வேகலைன்னா சுத்தம். இந்திரனே இங்க வந்து சுசியானான்னு சொல்லித்தானே ஊருக்கே பேரு. சுவாதித் திருநாள் மகாராஜா பாத்தாரு, இது சரிப்படாதுன்னு நிறுத்திட்டாரு. இல்லேன்னா கிரிக்கெட்டு போர்டு முரளியை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருக்காது, நேரா இங்க அனுப்பியிருக்கும். கோயில் கணக்குல நெய்க்கு மட்டும் எவ்வளவு வந்திருக்கும்!

சரி சரி, உன் விஷயத்துக்கு வாறேன், கொட்டாவி விடாதே.

சுசீந்திரன்னு ஒரு டைரக்டரு. ஊருப் பேரையே வச்சிருக்கான்னு நான் பெருமைப்பட்டேன், பாத்தா திண்டுக்கல் பக்கத்து ஆளாம். போட்டும். 2009-ல ‘வெண்ணிலா கபடி குழு’ எடுத்தான். அதுல ஹீரோ விஷ்ணு விஷால், கிரிக்கெட்டு லீக் ஆடிக் கால்ல அடிபட்டு சினிமாவுக்கு வந்த பயலு. கோச்சு கிஷோரு. கபடி ஆடினவனுவ ஒரு பட்டாளம் இருக்கான். ஊருல யாரையாவது கேளு, அந்தப் படத்துல யாரு ஞாபகம் இருக்கான்னு. அம்பது பரோட்டா தின்னா காசு வேண்டாம்னு பந்தயம் கட்டி, கணக்குல கடைக்காரன் தகராறு பண்ண, கோட்டை எல்லாம் அழி, முதல்ல இருந்து திங்கேன்னு நின்னான்லா, அந்தப் பயலு! சூரிங்க பேரு பரோட்டா சூரியாச்சு. 2023-ல ‘விடுதலை’யில அவன் ஹீரோ. கபடி கொண்டு போயி விடாத இடத்துல பரோட்டா கொண்டு விட்டுது.

‘சார்பட்டா பரம்பரை’யிலயும் அதே கதைதான். 2021-ல வந்தது. ஆர்யா உடம்பை அவ்வளவு ஏத்தி வந்தான், பசுபதி வாத்தியாரா வந்தாரு. ஊரு எதைப் பேசிச்சு? காலை ஆட்டிக்கிட்டே குத்தின டான்சிங் ரோஸை. ஷபீரு கொஞ்ச நேரந்தான் வந்தான், பிள்ளையளு தெருவுல அவன் மாதிரிதான் ஆடிச்சு.

ஆகையினால கேட்டுக்கோ. ஆட்டத்துல நல்லா ஆடுகேன்னு மெனக்கெடாதே. ஹீரோ உன்னைவிட மோசமா எறிவான், நீ அவன்கிட்ட அவுட் ஆகணும், அதுவும் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் அதிசயமா முழிக்கணும். பயிற்சி கொடுக்க கோச்சு வேஷம் எப்பவும் பெரிய ஆளுக்கு, ‘இறுதிச்சுற்று’ல பாத்தியா, நெசத்துல சண்டை படிச்ச ரித்திகா சிங் குத்தினா, ஆனா தாடி மாதவனுக்கு. திங்க காட்சி ஏதாவது இருக்கான்னு முதல் நாளே மெதுவா விசாரி. இருந்தா பரோட்டான்னா பரோட்டா, ரசவடைன்னா ரசவடை, கேமரா பாக்காத நேரத்துலயும் தின்னுக்கிட்டே இரு. ‘கில்லி’ன்னு பேரு வச்சுக் கபடி ஆடின நாடுலே இது, பேஸ்பால் படத்துல நீ தின்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்.

ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னால உனக்கு நெசமாவே எறியத் தெரியுமான்னு நான் பாக்கணும். அந்தா, மதிலுக்கு மேல நிக்க மாங்காயைப் பாரு. கல்லு எடு. நாரை மாதிரி ஒத்தக்கால்ல நில்லு. முழங்கை மடங்கினாலும் பரவாயில்ல, பதினஞ்சு டிகிரி நான் தாறேன். ம்... எறி!

அடப் பாவி. மாங்காய் அங்கயேதான்லா நிக்கு. பொடபொடன்னு விழுந்தது பக்கத்து வீட்டு ஓடு. உள்ள ஓடு, ஓடு, கதவைச் சாத்து. கேட்டா நான் சொல்லிக்கிடுகேன், எறிஞ்சது இவன் இல்ல, டூப்புன்னு.