பனிக்கு மருந்து வாங்கின தம்பிக்கு

வாங்கிட்டியாமே தம்பி! பழைய ஹையேஸ் டீசல் வேன். உள்ளார கட்டிலு, அடுப்பு, ஐஸ்பெட்டி, தண்ணித் தொட்டி எல்லாம் பூட்டினது. கேம்பர்வேனாம். நல்லாருக்கட்டும். வீடும் உன்னுது, வண்டியும் உன்னுது, கடனும் உன்னுது. மூணும் ஒரே நாள்ல அமையறது லேசா?

சாவி கைக்கு வந்த வேகத்துல டோங் சென் கோயில் வாசல்ல நிறுத்தி போட்டோ எடுத்துட்டே. கதவுல மலைப் படம் ஒட்டிட்டே. கூரையைச் சுத்திக் குட்டி லைட்டு மாட்டிட்டே. சரி, வயசு அப்படி. ஆனா அந்த அலமாரியில இளஞ்சிவப்பா ஒரு போத்தல் நிக்குதே, அது என்னா? குளிர் காலத்துல குழாய்த் தண்ணி உறையாம இருக்க ஊத்துற மருந்தா? ஏண்டா தம்பி, ஜெஞ்சாரோமுல எந்த வருசம்டா பனி கொட்டுச்சு?

கனடாக்காரன் ஊத்தட்டும், அவனுக்கு அது நியாயம். தண்ணி உறைஞ்சா நூத்துக்கு ஒம்போது பங்கு பெருக்கும். குழாய் பொளந்துக்கும், பம்பு போயிரும். அதனால அவன் தொட்டியை வடிச்சு, மருந்து ஊத்தி, வண்டியை மூடி வச்சு, பனி போனப்புறம் திறக்கிறான். அவன் பயம் குளிரு. உன் பயம் என்னான்னு நீ பார்க்குற போன் வீடியோவுல யாராச்சும் சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன். காசு வேணாம், ஒரு தே தாரிக் போதும்.

நம்ம ஊர்ல வண்டியைக் கொல்றது தண்ணி தம்பி. மேலேருந்து ஒழுகும், கீழேருந்து ஏறும், ஒண்ணும் இல்லாட்டி காத்துலயே வந்து குந்திக்கும். அதுகூட சும்மா நிக்கிற சோம்பேறித்தனமும் சேர்ந்துச்சுன்னா, முடிஞ்சது.

முதல்ல கேக்குறேன். வாங்குறப்போ சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தியா? சீட்டுத் துணி நல்லாருக்குன்னு தடவிப் பார்த்தியாக்கும்! 2021 டிசம்பர் 18-ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முங்கினது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எத்தனை காடி தண்ணிக்குள்ள கிடந்துச்சு! அதெல்லாம் எங்க போச்சு? கழுவி, காய வச்சு, வாசனை அடிச்சு, யாரோ ஒரு தம்பி தலையில கட்டியிருப்பாங்க. பெல்ட்டோட கடைசி முழத்தை யாரும் கழுவ மாட்டான். அங்க சேத்துக் கோடு இருந்தா, வண்டி நீச்சல் அடிச்சு வந்ததுன்னு அர்த்தம். சீட்டு ஆணி துருவைப் பாரு. தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாரு. மூக்கு பொய் சொல்லாதுலா.

அப்புறம் காகிதம். உரிமை மாத்த புஸ்பாகோம் மாதிரி வண்டிச் சோதனை நிலையத்துக்குப் போகணும். எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் கெரான்ல இருக்கிறபடியே இருக்கணும். இன்னொண்ணு. சீட்டைப் பிடுங்கிட்டு கட்டிலும் அடுப்பும் வச்சானே பழைய முதலாளி, அதை ஜேபிஜே-ல சொல்லி அனுமதி வாங்கினானா? வாங்காம இருந்தா சோதனையில நிக்கும். அதைவிட மோசம், ஏதாவது ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்காரன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, “இது நாங்க எடுத்த வேன் இல்லையே”ம்பான். காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளு. கட்டினப்புறம் கேக்குறவனுக்குப் பேரு வேற.

இன்சூரன்சுன்னதும் ஞாபகம் வருது. முழுக் காப்புறுதி எடுத்துட்டேன்னு நெஞ்சை நிமித்துறியே, அதுல வெள்ளம் சேருமா? சாதாரணமா சேராது தம்பி. தனியாக் கேட்டு, தனியாக் காசு கட்டிச் சேர்க்கணும். தாமான் ஸ்ரீ மூடாவுக்கு அப்புறம் பல பேரு முங்கின காடிக்குப் பக்கத்துல நின்னுதான் இதைப் படிச்சாங்க. நீ காஞ்ச தரையில நின்னு படி.

இப்ப வண்டிக்கு வருவோம். வண்ண லைட்டை விடு. டயரைப் பாரு. பள்ளம் ஆழமா இருக்குங்கிறியா? பழைய கேம்பர்வேன் கொஞ்சமா ஓடி நிறைய நிக்கிற சாதி. டயர் தேயாது, ரப்பர் செத்துப் போகும். டயர் ஓரத்துல குட்டி வட்டத்துல நாலு எண் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்சது. பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருந்தா மினுமினுப்பைப் பார்த்து மயங்காதே. புதுசு போடு.

அடுத்தது பிரேக்கு. தண்ணித் தொட்டி நூறு லிட்டர்னு பெருமை அடிச்சியே. ஒரு லிட்டரு ஒரு கிலோ. அப்ப நூறு கிலோ ஆளு ஒருத்தன் எந்நேரமும் பின்னால குந்தியிருக்கான். அதுகூட கட்டிலு, பலகை, பேட்டரி, உன் மாமியார் சாமான். கேமரன் மலையிலேருந்து தாப்பா ரோட்டுல இறங்குறப்போ இதெல்லாம் சேர்ந்து உன் முதுகைத் தள்ளும். காலை பிரேக்குலயே வச்சிருந்தா அது சுட்டுப் போய்க் கை விட்டுரும். சின்ன கியர் போட்டு இறங்கு. பிரேக் எண்ணெயை மாத்து. அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற எண்ணெய், வருசம் போகப் போக சூடு தாங்காது. கிளம்புறப்பவே தண்ணித் தொட்டியை ரொப்பணுமா? போற இடத்துல குழாய் இல்லையா? சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆர்-ல தண்ணி வராதுன்னு எவன் சொன்னான்?

கூரைக்கு வா. காத்தாடிக்கு ஒரு ஓட்டை, சோலாருக்கு நாலு ஓட்டை, எல்லாத்துக்கும் சிலிக்கோன் பூசியிருப்பான். நம்ம வெயிலு அதைக் கருவாடாக்கி வச்சிருக்கும். ஓஸ் பைப்பை எடுத்து அரை மணி நேரம் மேல அடி. உள்ளார போய் மூலைக்கு மூலை டிஸ்யூ வச்சு ஒத்து. பலகையைக் கட்டை விரலால அமுக்கு. பொத்துனு உள்ள போச்சுன்னா, திரைச்சீலை வாங்குற காசைச் சீல் வைக்கிறதுக்குக் கொடு.

கேஸ் தோம்பு வச்சிருக்கியே, அந்த கேசு காத்தைவிட கனம். ஒழுகினா மேல போகாது, தரையில படுத்துக்கும். நீயும் தரைக்குப் பக்கத்துலதான் படுக்கிறே. அதனால தோம்பு வைக்கிற பெட்டிக்கு அடியில வெளிய போற ஓட்டை வேணும். இணைப்புல சோப்புத் தண்ணி தடவிப் பாரு, குமிழி வந்தா தோம்பை மூடு. எஞ்சினை ஓட விட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கவே தூங்காதே. புகையில இருக்கிற விஷ வாயு உள்ள வந்தா வாசனையும் வராது, நீயும் எழுந்திரிக்க மாட்டே. இதை மட்டும் நான் கேலிக்குச் சொல்லல.

ஐஸ்பெட்டிக்குத் தனி பேட்டரி இருக்கான்னு பாரு. எஞ்சின் பேட்டரியில மாட்டியிருந்தா ராத்திரி பூரா தண்ணி சில்லுனு இருக்கும், காலையில வண்டியும் சில்லுனு இருக்கும்.

டீசலைச் சொல்லாம விட முடியுமா? 2024 ஜூன் 10-ல தீபகற்பத்துல லிட்டரு 2.15 வெள்ளியிலேருந்து ஒரே ராத்திரியில 3.35 ஆச்சு. அன்னைக்கோட மலிவு வண்டிங்கிற கணக்கு போச்சு. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம். நீ யானையை வாங்கிட்டே, தீனிக்கு அழாதே.

சரி, மழைக்காலம். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் கிழக்குக் கரைப் பக்கம் மூஞ்சியத் திருப்பாதே. கிளந்தான், திரங்கானு ரோடெல்லாம் ஆறாயிரும், பெர்ஹெந்தியான் தீவுலயும் பெரும்பாலான ஓட்டலு பூட்டியிருக்கும். அப்பதான் நீ வண்டியை மூடி வைப்பே. எங்க? சொல்லு பாப்போம். தென்னை மரத்தடியிலயா? நிழலு நல்லாருக்கும். தேங்காயும் நல்லாருக்கும், கண்ணாடி மேல விழற வரைக்கும். புல்லு மேலயும் வேணாம், அடியில ஈரம் ஏறித் துரு தின்னும். மேட்டுல, சிமெண்டுத் தரையில நிறுத்து. கை பிரேக்கை இழுத்து மாசக் கணக்கா விடாதே, ஒட்டிக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை.

பிளாஸ்டிக் தார்ப்பாயால தலையிலேருந்து கால் வரைக்கும் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டி, பொணம் மாதிரி வைக்கிறானுங்க. எதுக்கு? மழை உள்ள போகாது, சரி. ஈரம் வெளியவும் போகாதே! ஒரு மாசம் கழிச்சு திறந்தா மெத்தை பச்சைப் பசேல்னு பூத்து நிக்கும். கூரை இருந்தா கூரைக்கடியில விடு. ஜன்னலை ஒரு விரக்கடை திறந்து வலை கட்டு. மெத்தையை நிமித்தி வை. ஐஸ்பெட்டியைத் தொடைச்சு, கதவுக்கு ஒரு குச்சி கொடு. தொட்டித் தண்ணியை வடிச்சிரு, உறையும்னு இல்ல, கொசு குடித்தனம் பண்ணும். ஒரு பிஸ்கட்டுத் துண்டு கூட விடாதே. எலி வந்தா பிஸ்கட்டோட நிக்காது, ஒயரையும் ருசி பார்க்கும். கரப்பான் பூச்சிக்கு டாக்சிக்காரன் சீட்டுக்கடியில பண்டான் இலை போட்டானே, அதைப் போடு. கப்பல்ல வர்ற ஸ்ப்ரே அப்புறம்.

டீசல் தொட்டியை ரொப்பி வை. காலி இடத்துல ஈரக் காத்து வேர்த்து தண்ணியா இறங்கும். 2019-ல நம்ம டீசல்ல நூத்துக்குப் பத்து பங்கு செம்பனை எண்ணெயில செஞ்ச பயோடீசல் கலக்க ஆரம்பிச்சாங்க. நம்ம தோட்டத்துப் பழம்தான், ஆனா தண்ணி சேர்ந்தா அதுல பூஞ்சை வளரும், பில்டர் அடைக்கும். பில்டருக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு இருக்கும், போமனைக் கேட்டுத் தெரிஞ்சுக்க. பேட்டரியோட கறுப்பு முனையை முதல்ல கழட்டு, மாட்டுறப்போ கடைசியா மாட்டு.

வாரா வாரம் வந்து அஞ்சு நிமிசம் எஞ்சினை உறும விட்டு அணைக்கிறியாமே? அது யாருக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கா? எஞ்சினும் புகைக்குழாயும் சூடாகிறதுக்குள்ள அணைச்சா ஈரம் உள்ளயே நிக்கும், பேட்டரியும் கொடுத்ததைத் திருப்பி வாங்கியிருக்காது. எடுத்தா ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டு. இல்ல, தொடாமலே இரு.

நாங்க தோட்டத்துல இருந்தப்போ தைப்பூசத்துக்கு லாரியில பத்துமலைக்குப் போவோம். தார்ப்பாய்க் கூரை, கோரைப் பாய், அண்டா, விறகு, இருபது புள்ளைங்க. ஆத்தங்கரையில சமைச்சு, அங்கயே படுத்து எழுந்து வருவோம். கேம்பர்வேன்னு எவனும் பேரு வைக்கல. அந்த லாரி ஏன் கெடல? மறுநாள் காலையில அதுக்குச் செம்பனைக் கொத்து ஏத்துற வேலை இருந்துச்சு. நிக்க நேரமே இல்ல.

அதனால தம்பி, முதல் பயணமே தாய்லாந்து எல்லைன்னு கிளம்பாதே. பந்திங் தாண்டி மோரிப் போ. மழை வர்ற ஒரு சாயங்காலமாப் பார்த்துப் போய், ஒரு ராத்திரி படு. எங்க ஒழுகுது, எது ஆடுது, எந்தச் சாமானைத் தொடவே இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வா. ஒழுகினதை அடை, ஆடினதை முறுக்கு, தொடாததை வீட்டுல இறக்கி வை. அந்த இளஞ்சிவப்பு போத்தலைக் கடையில திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேளு. காசு வந்தா அதுல ஒரு நல்ல கொசுவலை வாங்கு.